ஓங்கிய கை

தவசி தன் அண்ணன் பரமனைக் கடைசியாக உயிரோடு பார்த்தது கிணற்று மேட்டுக்குப் போகும் வண்டிப்பாதையில், ஒரு வைகாசிக் காலையில். பரமன் எதிரே வந்துகொண்டிருந்தான். போன ஐப்பசியில் தம்பியை அறைவதற்காக அவன் ஓங்கிய வலது கை அப்போதும் ஓங்கியபடியேதான் இருந்தது. அதன் மணிக்கட்டில் மோர்த் தூக்குவாளி ஒன்று தொங்கியது, ஏனென்றால் செங்கரட்டுப்பட்டியில் கை ஓங்கிய எல்லோரும் அதற்குள் அந்தக் கையை எதற்காவது பயன்படுத்தப் பழகியிருந்தார்கள். அவனுக்கு முன்னால் அவன் வீட்டுச் செவலை ஆடு நடந்து வந்தது. அண்ணனும் தம்பியும் நேருக்கு நேர் பேசி மாதக்கணக்காகிவிட்டது. பேசியே ஆக வேண்டியதை அந்த ஆட்டிடம் சொல்வார்கள்.

"ஏ செவலை, இன்னைக்கு என் மொறதான். ஆனா மூணு பேஸ் கரண்ட் வந்தா மொதத் தண்ணிய அவனையே எடுத்துக்கிறச் சொல்லு. கத்திரி வாடுது அவனுக்கு."

தவசி பார்த்தான். ஐப்பசியில் காதுக்கு மேலே நின்ற கை இன்று தோள் உயரத்துக்கு வந்திருந்தது, தூக்குவாளி நெஞ்சுக்கு நேராக ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தும் பார்க்காதவன் போல ஆட்டின் கொம்பைப் பார்த்துச் சொன்னான்: "அவுக போடுற பிச்சைத் தண்ணி எனக்கு வேணாம்னு சொல்லு செவலை."

ஆடு ஒன்றும் சொல்லவில்லை. பரமனின் கை மெல்ல, கிணற்றிலிருந்து வாளி ஏறுவது மாதிரி, பழையபடி காதுக்கு மேலே ஏறியது. தூக்குவாளி சாய்ந்து மோர் கொஞ்சம் அவன் தோளில் வழிந்தது. துடைத்துக்கொள்ளாமலே நடந்து போனான். மதியம் மோட்டார் ரூம் வாசலில், இடது கையால் நெஞ்சைப் பிடித்தபடி விழுந்து கிடந்தான். வலது கை மட்டும் விழவில்லை.

இது எப்படி ஆரம்பித்தது என்று செங்கரட்டுப்பட்டிக்காரர்கள் பெரிதாக ஆராயவில்லை. மேற்கு மலைக்குக் கீழே கரட்டை ஒட்டிக் கிடக்கிற அந்த ஊரில், தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டும், அடித்த கையாலேயே பிறகு ஒருவருக்கொருவர் வெற்றிலை மடித்துக் கொடுத்துக்கொண்டும் நன்றாகத்தான் இருந்தார்கள். ஐப்பசியில் மழை விட்ட ஒரு காலையில் ஓங்கிய கை இறங்கவில்லை. அவ்வளவுதான். அடிக்க ஓங்கினால் கை மேலேயே நின்றுகொண்டது, மனதிலிருந்து கோபம் போனால் இறங்கியது, போகாவிட்டால் நின்றது. வாயால் மட்டும் மன்னிப்புக் கேட்டவர்களின் கை இன்னும் ஒரு சாண் ஏறியது. புது டிரான்ஸ்பார்மர் வந்ததிலிருந்துதான் இப்படி என்றார் டீக்கடைச் சீனி ராவுத்தர். அம்மன் கோபம் என்று சொல்ல வாயெடுத்த பூசாரி, அன்று காலை தன் மனைவிக்கு ஓங்கிய கையோடு தானும் நிற்பது ஞாபகம் வந்து, அதற்கு மேல் பேசவில்லை.

முதல் நாள் டீக்கடைக்கு வலது கையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களில் பெரும்பாலோர் கணவன்மார்கள். யாரும் யாரையும் ஏன் என்று கேட்கவில்லை.

"பரண்ல அண்டா எடுத்தேன், பிடிச்சுக்கிருச்சு" என்றார் ஒருவர்.

"எங்க வீட்லயும் அண்டாதான்" என்றார் அடுத்தவர்.

ராவுத்தர் ஒவ்வொருவரின் இடது கையிலும் கிளாஸை வைத்தபடி, "ஒரே காலையில ஊருக்குள்ள இம்புட்டு அண்டா எறக்கியிருக்கீங்களே, யாரு வீட்ல மாப்ள விசேஷம்?" என்றார். சிரிப்பதற்கு ஆள் இல்லை.

அறை வராது என்று தெரிந்ததும், வீட்டிலிருந்த பெண்கள் பல வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததையெல்லாம் நிதானமாக, வெங்காயம் உரித்துக்கொண்டே சொல்லத் தொடங்கினார்கள். அதனால் பல கைகள் இறங்க மேலும் நாளாயிற்று. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் பிரம்போடு தூக்கிய கையோடு நின்றார். பிள்ளைகள் அந்தப் பிரம்பின் நுனியில் காகிதக் கொடி ஒன்றை ஒட்டிவிட்டு, கொடியேற்றி முடிந்தது சார், மிட்டாய் கொடுங்கள் என்றார்கள். டெய்லர் வலது அக்குளில் பொத்தான் வைத்த சட்டை தைத்தார். அதுவரை செங்கரட்டுப்பட்டியைக் கண்டாலே வேகம் கூட்டுகிற எக்ஸ்பிரஸ் பஸ்களெல்லாம், ரோட்டோரம் இத்தனை பேர் கையைக் காட்டுகிறார்களே என்று நின்று நின்று போயின. காலால் உதைத்தால் என்ன என்று கண்டுபிடித்த ஒருவன் கண்மாய்க் கரையில் கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்றான். அவனைப் பார்த்த பிறகு கால் யோசனையையும் ஊர் கைவிட்டது.

நாக்கு மட்டும் இந்தக் கணக்கில் சேரவில்லை. அதை யாரும் வெளியே சொல்லவில்லை, ஆனால் ஒரு வாரத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

தவசிக்கும் பரமனுக்கும் நடந்தது அந்த வாரத்தில்தான். அப்பா விட்டுப்போன கிணறு ஒன்று, மோட்டார் ஒன்று, ஒருநாள் விட்டு ஒருநாள் முறை. மோட்டாரை ஓட்டுகிற மூணு பேஸ் கரண்டு மட்டும் யாருடைய முறையையும் மதிக்காமல் தன் இஷ்டத்துக்கு வந்து போகும். அன்றைக்கு முந்தின நாள் தவசியின் முறை, கரண்டு வரவில்லை. அன்று பரமனின் முறை, காலையிலேயே வந்துவிட்டது. பரமன் கிணற்று மேட்டுக்கு வந்தபோது தண்ணீர் தம்பியின் கத்திரிப் பாத்திக்குப் போய்க்கொண்டிருந்தது.

"இன்னைக்கு யாரு மொறடா?"

"நேத்து எனக்கு வரல. அதுக்கு ஈடு."

"கரண்டு வராததுக்கு நானா பொறுப்பு? நிப்பாட்டு."

"பாத்தி நனையட்டும், நிப்பாட்டுறேன்."

"மொறைன்னா மொற. நிப்பாட்டுறா."

தவசி மண்வெட்டியைக் கீழே வைத்தான். குரலைக் கூட்டவில்லை. அண்ணன் முகத்தைப் பார்த்து, "பிள்ளை இல்லாத வீட்டுக்கு எதுக்குண்ணே இம்புட்டு தண்ணி?" என்றான்.

பரமனின் கை ஓங்கியது. ஓங்கியது ஓங்கியபடி நின்றது. சுற்று வயல்களில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். தவசியின் கை ஓங்கவே இல்லை என்பதையும் பார்த்தார்கள். அவன் என்ன சொன்னான் என்பது மோட்டார் சத்தத்தில் அவர்களுக்குக் கேட்கவில்லை.

ஊருக்குள் தவசியின் பேர் அன்றே ஏறிவிட்டது. அண்ணன் கை ஓங்கியும் தம்பி அசையவில்லை, அது பொறுமை, அது பக்குவம் என்றார்கள். தவசிக்கு மட்டும்தான் தெரியும், வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே அவனுடைய வலது முழங்கை தானாக மேலே தூக்கித் தூக்கி அடித்தது. யாரும் பார்ப்பதற்குள் தோளில் கிடந்த துண்டை எடுத்து, முழங்கைக்கு மேலே சுற்றி, இடுப்போடு சேர்த்து இறுக்கிக் கட்டினான். கீழ்க்கையால் சாப்பிடலாம், களை எடுக்கலாம், கும்பிடவும் கும்பிடலாம், ஓங்க மட்டும் முடியாது. கட்டிய கட்டை அவன் குளிக்கும்போதும் அவிழ்க்கவில்லை. அதையும் ஊர் பொறுமைக் கணக்கிலேயே எழுதிக்கொண்டது.

இதற்கிடையில் பெண்கள் பக்கம் என்ன நடந்தது என்றால், தவசியின் மனைவி ஒச்சம்மாளும் பரமனின் மனைவி செவனம்மாளும் தெருக்குழாயில் குடம் வைப்பதில் ஆளுக்கொரு கையை ஓங்கிவிட்டார்கள். இரண்டு குடமும் நிரம்பி வழிகிறது, குழாயை மூட மனம் வராமல் இருவரும் எதிரெதிரே நிற்கிறார்கள், இடது கையால் குடத்தைப் பிடித்திருக்கிற ஒச்சம்மாளின் முந்தானை நழுவுகிறது.

"இந்தா, சீலைய ஒழுங்கா பிடி" என்றாள் செவனம்மாள்.

"எந்தக் கையால பிடிக்க மதினி? நீங்கதான் பிடிச்சு விடுங்களேன்."

செவனம்மாள் இடது கையால் அவள் முந்தானையை இழுத்துச் சொருகினாள். சொருகும்போது தன் கொண்டை அவிழ்ந்து மூஞ்சியில் விழுந்தது. "இப்ப இத யாரு முடியிறது, ஒங்க கொழுந்தனா வருவாரு?" என்று ஒச்சம்மாள் கேட்க, செவனம்மாளுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு இவளுக்கு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு கையும் எப்போது இறங்கின என்று இருவருக்கும் தெரியாது. குழாயை மூடிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கை இறங்கிய வழியை வீட்டில் ஆண்களிடமும் சொன்னார்கள்.

"பொம்பளைங்க சண்டையும் ஆம்பளைங்க சண்டையும் ஒண்ணா?" என்றான் பரமன், தலைக்கு மேலே கையோடு.

"கொழாயும் கெணறும் ஒண்ணா?" என்றான் தவசி, இடுப்பில் கட்டிய கையோடு. இந்த ஒரு விஷயத்தில் அண்ணனும் தம்பியும் ஒத்துப்போனார்கள்.

ஐப்பசி முடிவதற்குள் கிராமசபைக் கூட்டம் வந்தது. தலைவர் வீரபத்திரன் நடத்தினார், ஒன்றியத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த அதிகாரி ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கீழத்தெரு வார்டு மெம்பர் முத்துப்பேச்சி எழுந்து, தங்கள் தெரு வழியாக மயானத்துக்கு ஒரு சாலை வேண்டும், மழைக்காலத்தில் பிணத்தைத் தூக்கிக்கொண்டு சகதியில் விழுகிறோம் என்றாள். அவள் அப்பா காலத்திலிருந்து கேட்கப்படுகிற சாலை. மேலத்தெருக்காரர்கள் வழக்கம்போல ஆத்திரப்பட்டு, உட்காரடி என்று எழுந்து, கையை ஓங்கினார்கள். ஓங்கிய கைகள் அத்தனையும் அப்படியே நின்றன.

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "பெரும்பான்மை ஆதரவு" என்று எழுதினார்.

"அய்யா, இது ஆதரவு இல்லைங்கய்யா!" என்று முன்வரிசைக்காரர்கள் பதறி மற்றொரு கையையும் ஓங்கினார்கள்.

"ரெண்டு கையையும் தூக்கி ஆதரிக்கிறாங்க. இந்த மாதிரி ஒத்துமையை நான் சர்வீஸ்ல பாத்ததில்ல" என்று அதிகாரி கண் கலங்கினார். ஏகமனதாக நிறைவேறியது. மார்கழியில் சாலை வந்துவிட்டது.

அந்த அவமானத்துக்குப் பிறகுதான் வீரபத்திரன் தவசியைத் தேடி வந்தார். அவன் இடுப்பில் இருந்த துண்டுக்கட்டைத் தொட்டுப் பார்த்து, "ஒன்னைய மாதிரி மனுசன் ஊருக்கு ஒருத்தன் போதும்டா" என்றார். மறுநாள் தண்டோரா போட்டார்கள். ஏற்கெனவே கை ஓங்கி நிற்பவர்கள் தவிர, இனிமேல் பொது இடத்துக்கு வருகிற ஆண்கள் எல்லோரும் தவசி மாதிரி துண்டுக்கட்டோடுதான் வர வேண்டும். வந்தார்கள். கட்டிய கையோடு கோயிலுக்கு, கட்டிய கையோடு கல்யாணத்துக்கு, கட்டிய கையோடு பஞ்சாயத்துக்கு. போலீஸ் ஸ்டேஷனுக்குச் செங்கரட்டுப்பட்டியிலிருந்து ஒரு கேஸும் வரவில்லை. கைகலப்பு இல்லை, ரத்தக்காயம் இல்லை. ஒருவர் பேரில் ஒருவர் மொட்டைப் பெட்டிஷன் போட்டார்கள், பங்காளி வயலுக்குப் போகிற வாய்க்காலில் கல்லை வைத்தார்கள், சம்பந்தி வீட்டுக் கல்யாணப் பந்தலில் மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து வந்தார்கள், எதிரி வீட்டுப் பிள்ளை பரீட்சையில் தோற்றால் தெருவுக்கே பாயசம் வைத்தார்கள். பேச்சுவார்த்தை நின்றுபோன வீடுகள் கூடக் கூட, தூது போக ஆடுகளுக்குக் கிராக்கி வந்தது. செவலை நான்கு குடும்பத்துச் சண்டைகளைச் சுமந்து, எல்லா வீட்டிலும் தீனி தின்று, கன்றுக்குட்டி கனத்துக்குப் பெருத்துவிட்டது. ஊர் அமைதியாக இருந்தது.

இப்படி இருந்த ஊரில்தான் வைகாசியில் பரமன் செத்தான், வலது கையைத் தூக்கியபடி.

உடலை எப்படிக் கிடத்தினாலும் கை வானத்தைப் பார்த்து நின்றது. உள்ளங்கை மட்டும் தவசி எந்தப் பக்கம் நிற்கிறானோ அந்தப் பக்கம் மெல்லத் திரும்பிக்கொண்டது. தவசி வாசலுக்குப் போனால் வாசலை, மாட்டுக்கொட்டத்துக்குப் போனால் மாட்டுக்கொட்டத்தை. துஷ்டிக்கு வந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தார்கள். கால் கட்டைவிரல்களைக் கட்டினார்கள், கைக் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்ட முடியவில்லை.

"பொறுமைக்காரத் தம்பி மேல எதுக்கு இம்புட்டு ஆத்திரம்? செத்தும் எறங்கலையே" என்று ஒரு சொந்தக்காரர் சொல்ல, செவனம்மாள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "விடுங்க. அவரு கை, அவருக்குத் தெரியும்" என்றாள். கிணற்று மேட்டில் அன்றைக்குச் சொன்ன சொல் அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்று தவசியால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மேலத்தெரு மயானப் பாதையில் புளியமரங்களின் கிளைகளும் கரண்டுக் கம்பிகளும் தாழ்ந்து கிடந்தன. தூக்கிய கையோடு பாடை அந்த வழியில் போகாது. மிச்சம் இருந்தது ஒரே வழி. கீழத்தெருவின் புதுச்சாலை. மேலத்தெருப் பிணம் ஒன்று கீழத்தெரு வழியாகப் போனது அதுதான் முதல் தடவை. முத்துப்பேச்சி வாசலில் நின்றாள். அவள் சனம் மொத்தமும் நின்றது.

"பாத்துப் போங்கண்ணே, மேடு பள்ளம் இல்லாத ரோடுதான்" என்றாள் முத்துப்பேச்சி, பாடை தூக்கியவர்களிடம். "எல்லாம் ஒங்க கை ஓங்கினதால வந்த ரோடு."

பாடையைத் தூக்கியிருந்தவர்களுக்குக் கோபம் வந்தது. ஆனால் கை இரண்டும் மூங்கிலில் இருந்தது.

குழியை ஆழமாகத்தான் வெட்டினார்கள். கை வெளியே நின்றது. இன்னும் ஆழமாக வெட்டினார்கள், அப்போதும் வெளியே நின்றது. வெட்டியவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "தண்ணி வர்ற வரைக்கும் வெட்டுனாலும் இது வெளியதான் நிக்கும்" என்றார். சரி என்று மண் தள்ள முடிவானது. முதல் மண் யார் போடுவது?

"பிள்ளை இல்லாதவனுக்குத் தம்பிதான் பிள்ளை முறை" என்றார் ஊர்ப் பெரியவர். "வாடா தவசி. துண்ட அவுத்துட்டு வா. துக்க வீட்டுக்காரன் மேல துண்டு இருக்கக் கூடாது."

"கட்டோடயே போடுறேனே" என்றான் தவசி.

"அதென்ன பழக்கம்? அவுடா."

அவன் நகராமல் நிற்கவும் யாரோ பின்னாலிருந்து முடிச்சை இழுத்தார்கள். துண்டு கழன்றது. தவசியின் வலது கை, மாதக்கணக்காகக் கட்டிவைத்த காளை கட்டுத்தறியிலிருந்து பாய்வது மாதிரி, விசுக்கென்று ஏறித் தலைக்கு மேலே நின்றது. குழிக்குள்ளிருந்து அண்ணனின் கை, குழிக்கு வெளியே தம்பியின் கை. இரண்டு உள்ளங்கையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன.

வழக்கத்தை மீறி மயானம் வரை வந்திருந்த செவனம்மாள் மட்டும், "அதான பாத்தேன்" என்றாள்.

தவசி இடது கையால் மண் போட்டான்.

இந்தச் சமயத்தில்தான், உலகத்தில் சண்டையே போடாத சமூகங்களைத் தேடிப் படிப்பவரான பேராசிரியர் வித்யாபதி, ஓர் அறக்கட்டளையின் வேனில் செங்கரட்டுப்பட்டிக்கு வந்து இறங்கினார். ஒரு கேஸும் இல்லாத ஊர் என்று கேள்விப்பட்டு வந்தவர். வேன் நின்ற இடத்திலேயே நெகிழ்ந்துபோனார். ஒரு மனிதர் வலது கையை உயர்த்தி உள்ளங்கையைக் காட்டியபடி எல்லோரையும் கடந்து போய்க்கொண்டிருந்தார்.

"யாரைப் பாத்தாலும் ஆசீர்வாதம் பண்றாரே, அவர் யாரு?"

"அவன் தவசிங்க" என்றார் ராவுத்தர்.

"பேரே தவசி! உங்க ஊர்ல சண்டை இல்லாததுக்கு என்ன காரணம்னு நெனைக்கிறீங்க?"

"கை கட்டியிருக்குங்க."

"கைகட்டி நிற்பது. பணிவு" என்று பேராசிரியர் கூட வந்தவரிடம் சொன்னார். கூட வந்தவர் படம் எடுத்தார்.

மயானத்துக்கு அழைத்துப் போனார்கள். மண்ணுக்கு மேலே ஒரு கை விரித்த உள்ளங்கையோடு நிற்பதைப் பார்த்து வித்யாபதி செருப்பைக் கழற்றினார். இறந்த பிறகும் ஊரை ஆசீர்வதிக்கிற கை என்றார். பக்கத்தில் நின்ற செவனம்மாளை, "உங்க கணவர் வாழ்ந்த காலத்திலயும் இப்படித்தானாம்மா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. நெறைய ஆசீர்வாதம் பண்ணுவாரு. கல்யாணமான புதுசுல எனக்கும் பண்ணியிருக்காரு."

பேராசிரியர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

அமைதிக் கிராம விருது கிடைத்தது. கூடவே ஊர் எல்லையில் ஒரு வரவேற்பு வளைவும். பரமனின் கையைச் சுற்றி மேடை கட்டி, கம்பி வேலி போட்டு, சமாதானச் சின்னம் என்று பலகை வைத்தார்கள். விழா அன்று வளைவின் மேல் யார் பேர் முதலில் என்பதில் தலைவருக்கும் துணைத்தலைவருக்கும் பேச்சு முற்றியது. இரண்டு பக்க ஆட்களும் துண்டுக்கட்டுகளை அவிழ்த்து வீசினார்கள். வளைவின் கீழே ஊரே கையை ஓங்கிக்கொண்டு நின்ற அந்தப் படம் பேப்பரில் வந்தது. அடியில், மகிழ்ச்சியில் கையசைக்கும் கிராம மக்கள் என்று போட்டிருந்தார்கள்.

தவசிக்கு விழாவில் மாலை போட்டார்கள். தூக்கிய கையில் மாட்டிக் கழுத்துக்கு இறங்காமல் மாலை அக்குளிலேயே நின்றது. அவன் அந்த மாலையைக் கொண்டுபோய் மயானத்து வேலிக்கு மேலாக அண்ணன் கையில் போடப் பார்த்தான். கை மாலையை வாங்காமல் இரண்டு விரல் அகலம் விலகியது. அதற்குப் பிறகு அவன் செய்யாதது இல்லை. செவலையை ஓட்டிப்போய், "நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு" என்றான். பூசாரியை வைத்துத் திருநீறு போட்டான். பேராசிரியர் முன்னால் சத்தமாக, "எங்க அண்ணன் தெய்வம்" என்றான். ஒவ்வொரு தடவையும் அவனுடைய கைதான் இன்னும் கொஞ்சம் ஏறியது. ராத்திரி புரண்டு படுக்க முடியாது. ஒச்சம்மாள் சோறு ஊட்டினாள். ஊட்டும்போது ஒருநாள் கேட்டாள்:

"எறங்க வேண்டியது யாரு கை? அவுக கையா, ஒங்க கையா?"

"அவரு எறக்குனா நான் எறக்குவேன்."

"செத்தவரப் போயி மொதல்ல எறக்கச் சொல்றீங்களே, ஒங்களுக்கே வெக்கமா இல்ல?" என்று அவன் வாயில் ஓர் உருண்டையைத் திணித்தாள்.

வாயில் சோறு இருந்ததால் அவனால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த அரை நிமிஷம் அவன் வாழ்க்கையில் பேசாமல் இருந்த நிமிஷங்களிலேயே நல்லது.

அடுத்த ஐப்பசி பொய்த்தது. செவனம்மாளின் கத்திரி வாடியது, தவசியின் கத்திரியும் வாடியது. பரமன் போன பிறகு முறை என்று ஒன்று இல்லாமல் தண்ணீர் முழுதும் தவசி இஷ்டப்படிதான் போனது. செவனம்மாள் கேட்கவும் இல்லை. ஒரு காலையில் அவன் மோட்டார் ரூம் வாசலில், அண்ணன் விழுந்து கிடந்த இடத்தில், உட்கார்ந்திருந்தான். சுவரில் இருந்த விளக்கு சட்டென்று எரிந்தது. மூணு பேஸ் வந்துவிட்டது. எழுந்து, இடது கையைப் பச்சைப் பொத்தானுக்குக் கொண்டுபோனவன் நின்றான். கணக்குப் போடவே வேண்டியிருக்கவில்லை. சின்ன வயதிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் எண்ணிய உடம்பு அது. வெளியே வந்து கிணற்று மேட்டில் ஏறி நின்றான். அங்கிருந்து பார்த்தால் வயல்களுக்கு அந்தப் பக்கம் மயானம் தெரியும். வேலிக்குள் கை தெரியும். வயலில் தூரத்தில் நிற்கிற ஆளைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டான். பக்கத்தில் ஆடு எதுவும் இல்லை.

"அண்ணே! ஏ அண்ணே! கரண்டு வந்துருச்சு! இன்னைக்கு ஒன் மொற!"

தூரத்தில், மேடைக்கு மேலே அந்தக் கை, வயலில் நிற்கிறவன் சரி கேட்டுச்சு என்று காட்டுவது போல, இரண்டு தடவை அசைந்தது. அசைந்துவிட்டு மடங்கி மண்ணுக்குள் போனது.

தவசி மோட்டாரைப் போட்டான். தண்ணீர் வாய்க்காலில் ஓடியது. அவன் கூடவே ஓடி, மதினியின் கத்திரிப் பாத்திக்கு மடை வெட்டி, தன் பக்கத்து மடையை அடைத்து, மண்ணை மிதித்து நிமிர்ந்தபோதுதான் மண்வெட்டியை இரண்டு கையாலும் பிடித்திருப்பதைக் கவனித்தான். வரப்பில் செவனம்மாள் நின்றுகொண்டிருந்தாள்.

"பிள்ளை இல்லாத வீட்டுக்குத் தண்ணி பாய்ச்சுறீங்களே" என்றாள்.

தவசிக்குத் தலை நிமிரவில்லை. "ஒங்க மொற மதினி" என்றான்.

"அந்த ஓர மடையையும் வெட்டி விடுங்க. அங்க ஏறாது" என்றுவிட்டு அவள் களைகொத்தியை எடுத்துக்கொண்டு பாத்திக்குள் இறங்கினாள்.

மறுநாள் வீரபத்திரன் ஆட்களோடு தவசி வீட்டுக்கு வந்தார். "மேடையில கையக் காணோம். என்னடா பண்ணுன?"

"அண்ணன் கைய எறக்கிட்டாருங்க."

"யாரக் கேட்டு எறக்கினாரு? அடுத்த வாரம் வேன்ல பாக்க வர்றாங்க! விருதே அந்தக் கைக்குத்தான்டா! ஒங்க குடும்பச் சண்டைய நீங்க சமாதானம் பண்ணிக்கிட்டா ஊரு சமாதானம் என்னாகுறது?" என்று கத்தியவரின் கை ஓங்கப் பார்த்தது, துண்டுக்கட்டு இழுத்துப் பிடித்தது.

டவுனிலிருந்து ஒரு கொத்தனாரை அவசரமாகக் கூட்டி வந்தார்கள். வேன் வருவதற்குள் முடிய வேண்டும் என்று இரண்டு பேர் பக்கத்திலேயே நின்று விரட்டினார்கள். கம்பி கட்டி, சிமெண்டு பூசி, ரேகை கூட வரைந்து, வெள்ளைப் பெயிண்ட் அடித்தார். வேனும் வந்தது, பார்த்தார்கள், செருப்பைக் கழற்றினார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள்.

அந்தச் சிமெண்டுக் கை இப்போதும் அங்கே இருக்கிறது. அது இடது கை.